பின்பக்கம் தபால்தலை

யார்க்‌ஷரில், ஹார்ஸ்பெக் ரயில் நிலையத்துக்கு வெளியே
அது நிற்கிறது.
மற்ற சிவப்புக் கூண்டுகளைவிட ஒன்றரை மடங்கு பருமன்.
சுற்றி வந்தால்தான் தெரிகிறது:
முன்னால் கதவு, தொலைபேசி.
பின்னால் கடிதம் போட ஒரு வாய்.
வாய்க்கு இரு புறமும்
அரைப் பென்னிக்கு ஒன்று, ஒரு பென்னிக்கு ஒன்று எனத்
தபால்தலை துப்பும் இரண்டு இயந்திரங்கள்.
ஒரு முழுத் தபால் நிலையத்தையே
வார்ப்பிரும்புக்குள் நிற்கவைக்கப் பார்த்திருக்கிறார்கள்,
குமாஸ்தா இல்லாமல்.

ஏன் இந்த வகையை நிறையச் செய்யவில்லை என்று கேட்டேன்.
ஏணிமேல் நின்று வர்ணம் அடித்துக்கொண்டிருந்த
ஏட்ரியன் பிளெங்கின்
"சத்தம்" என்றார்.

ஒருவர் உள்ளே பேசிக்கொண்டிருக்க
இன்னொருவர் பின்னால் காசு போட்டால்
சுருள் உருளும், இரும்பு முழுக்க உறுமும்.
மழை நாளிலோ தலைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.
தலையும் வராது, காசும் வராது,
சத்தமும் வராது.

1937 ஜனவரி, ஒரு வியாழன்.
எட்னா ராக்லிஃப் பென்னிகளைப் போட்டு
ஹல் துறைமுகத்து விடுதி ஒன்றை அழைத்தாள்.
ஏ பொத்தானை அழுத்தினால் குரல் போகும்.
பி பொத்தானை அழுத்தினால் காசு திரும்பும்.
அவள் ஏ அழுத்தினாள்.
மறுமுனையில் சிரில், விடிந்தால்
ஐஸ்லாந்துப் பக்கம் மீன்பிடிக்கப் போகிறவன்,
ஒரே ஒரு கேள்வி கேட்டான்.

அதே நேரம் பின்னால் பெர்சி கௌல்டன்,
கால்பந்துப் பந்தயக் கூப்பனைத் தபாலில் சேர்க்க
பையெல்லாம் துழாவி ஒன்றரைப் பென்னி எடுத்தார்.
முந்தைய மாதம்தான் முடியைத் துறந்த அரசனின் முகம்
விற்றுத் தீராமல் சுருளில் இன்னும் இருந்தது.
முதலில் ஒரு பென்னி.
பிறகு அரை.

எட்னா சொன்னது: காத்திருக்க மாட்டேன்.

அவர்கள் மொழியில் மறுப்பு முன்னால் நடந்துபோகும்.
நம்முடையதில் கடைசியாக வந்து கதவைச் சாத்தும்.
இயந்திரம் அங்கே தலையைத் தின்றதோ
இங்கே வாலைத் தின்றதோ,
ஹல்லில் போய் இறங்கியது நடு உடம்பு மட்டும்:
காத்திருக்க.

சரி என்று அவன் கடலுக்குப் போய்விட்டான்.
மூன்று வாரம் கழித்து
எண்ணெய் வாடைச் சட்டையும்
முழு ஹாலிபட் மீன் ஒன்றுமாக அவள் வாசலில் நின்றான்.
எட்னா முதலில் மீனைத்தான் பார்த்தாள்.
அத்தனை பெரிய மீனைத் திருப்பி அனுப்ப
மனசு வரவில்லை என்பாள் பிற்பாடு,
கல்யாண விருந்துகளிலெல்லாம், சிரிலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே.
அவரும் சிரிப்பார்.
அன்றைக்கு அந்த மாட்டேன்
உண்மையிலேயே காதில் விழவில்லையா என்று
ஒருவரும் அவரைக் கேட்டதில்லை.

பெர்சிக்குப் பந்தயத்தில் ஒருநாளும் விழவில்லை.

இப்போது தொலைபேசியைக் கழற்றிவிட்டார்கள்.
கதவுக்குள் ஒரு கொக்கியும்
யாரோ ஆணியால் கீறிய நாலு எண்களும்.
தபால்தலை இயந்திரங்கள் துருவேறிக் கிடக்கின்றன.
பின்னால் இருக்கும் வாய் மட்டும் இன்னும் உண்கிறது.
நாலரைக்கு வேன் வந்து அள்ளிக்கொண்டு போகிறது.

சிவப்புக்குக் கீழே இன்னொரு சிவப்பு,
அதற்குக் கீழே கொஞ்சம் பழுத்த சிவப்பு என்று
சுரண்டிக் காட்டினார் ஏட்ரியன்.
எட்னாவுக்கும் சிரிலுக்கும் மூன்று பிள்ளைகள்.
இரண்டாமவரின் மகன் இவர்.
தூரிகையைத் துடைத்தபடி, நான் கேட்காமலே,
பழைய வானிலைப் பதிவேட்டைத் தேடிப்போய்ப் பார்த்தேன் என்றார்.

அந்த வியாழன்
இந்த ஊரில் மழை இல்லை.
ஜனவரியில்.