இரண்டு கிராம்

மே மாதத்திலும் பனிப்பாறை மிதந்து போகும்
நியூஃபவுண்ட்லாந்தின் கட்வெல் குடாவில்
நண்டுக்கு ஒரு பருவம்,
நண்டு நாற்றத்துக்கு முழு ஆண்டு.

பதினொரு பருவம்
ஆவி பறக்கும் வரிசையில் நின்று
நண்டுக் கால் முறித்தாள் வெர்னா பார்டி.
கால்கள் பாஸ்டனுக்குப் போயின.
ஓடுகள் லாரியேறிப் படகேறி
வந்த கடலுக்கே போயின.
பன்னிரண்டாம் பருவத்தின் மூன்றாம் நாள்
அவள் நெஞ்சுக்குள் ஏதோ
கொடுக்கை மூடியது.
நண்டு ஆஸ்துமா என்றார் மருத்துவர்.
ஊரில் அவள் ஒன்பதாவது ஆள்.

நண்டு கொழுத்தால் வளையில் தங்காது என்போம்.
இங்கே கொழுத்தது ஆலை;
தங்க முடியாமல் போனது அவளுக்கு.

இப்போது தபால் நிலையத்தில் முத்திரை குத்துகிறாள்.
காற்று மேற்கிலிருந்து வந்தால்
சன்னலைச் சாத்துகிறாள்.

எதிரே, பழைய உப்புக் கிடங்கில்
டோபின் என்கிற வேதியியல்காரி
இரும்புக் குண்டுகள் உருளும் பீப்பாயில்
ஓடுகளை மாவாக்குகிறாள்.
ஓட்டிலிருந்து கைட்டின் பிரிக்க
அமிலம் ஒரு தொட்டி, காரம் ஒரு தொட்டி,
அலச ஓர் ஆறு
என்பதுதான் பாடப்புத்தகம்.
அலசிய ஆற்றை அலச
அதில் பாடம் இல்லை.
இவள் மாவில் காரம் கொஞ்சம் பிசிறி
ஈரக் காற்றில் மூடிவைத்து
ஆறு நாள் சும்மா இருக்கிறாள்.
சும்மா இருப்பது சுலபமில்லை.
மூன்று வாளி வீண். நான்காவது கல்லாய் இறுகியது.
ஐந்தாவது வினிகரில் கரைந்த இரவு
ஓடு கரைந்ததென்று
கிடங்கைச் சுற்றி ஓடினாள்,
ஒரு காலில் மட்டும் பூட்ஸோடு.

ஜூலையில் ஒரு மாலை
தபால் நிலையத்துக்கு வந்தாள்.
உள்ளங்கை அகலம், வெங்காயச் சருகின் நிறம்,
ஒரு தாள்.
"காயத்தில் ஒட்டினால் ரத்தம் நிற்கும்.
சோதிக்க அனுப்பணும்."
வெர்னா பின்வாங்கினாள்.
"உன்னை அடைத்தது புரதம். அது இதில் இல்லை."
பிறகு, நேர்மைக்காக:
"ஏறக்குறைய இல்லை."

கையை முழுநீளம் நீட்டி
விளக்குக்கு நேரே பிடித்தாள் வெர்னா.
நாறவில்லை.
தலையணையில், மோதிரத்துக்கு அடியில்,
பிள்ளையின் கழுத்தில்கூட நாறியது
இதில் நாறவில்லை.
இன்ஹேலர் பையில் இருக்கிறதா என்று
தொட்டுப் பார்த்துக்கொண்டு
மெல்ல அருகே கொண்டுவந்தாள்.
இன்னும் கொஞ்சம்.

தாளில் அவள் மூச்சு படிந்தது,
விலகியது,
மறுபடி படிந்தது.

எத்தனை டன் உடைத்தாள் என்று
எந்தப் பேரேட்டிலும் இல்லை.
தராசு இரண்டு கிராம் என்றது.

"எந்த ஊருக்கு?" என்றாள்.