எந்த இயல்பு

சாங்க்ரிக்கு மேலே எங்கோ ஓரிடத்தில்
சோபன் குழாயைப் பனிக்குள் இறக்கித் திருகுகிறான்.
நுனியில் மண் ஒட்டி வந்தால்தான்
அடிவரை போனதாகக் கணக்கு.
பனியோடு எடை, வெறுங்குழாயின் எடை,
கழித்தால் மீதி தண்ணீர்.
லோதி சாலையில், ஹீட்டரை முழங்காலுக்கு இழுத்துவிட்டு
நான் அதைக் கட்டத்தில் நிரப்புகிறேன்.

"இடுப்பு வரைக்கும் இருக்கு மேடம்" என்பான்.
இடுப்பெல்லாம் எனக்கு வேண்டாம், கிலோவைச் சொல்.
நேற்று விழுந்தது பஞ்சு, உருகினால் ஒரு டம்ளர்.
டிசம்பரிலிருந்து இறுகிக் கிடப்பது
முழங்கால் அளவே ஆனாலும் குடம்.

எனக்குத் தெரிந்த பனி
அரக்கோணம் ஸ்டேஷனில் சைக்கிள் சீட்டை நனைத்துவிட்டு
எட்டு மணிக்குள் போய்விடும்.
அதற்கு யாரும் சராசரி வைத்திருக்கவில்லை.

பிப்ரவரிக் கடைசியில், இயல்பில் அறுபத்தெட்டு சதவீதம்.
யமுனையின் தலைப்பக்கம் வரைபடத்தில் சிவப்பு.

மார்ச் முதல் தேதி ஒரு சுற்றறிக்கை:
பழைய முப்பது ஆண்டுகள் போதும்,
இனி புதிய முப்பதின் சராசரிதான் இயல்பு.
ஒரு நெடுவரிசையை மாற்றினேன், அவ்வளவுதான்.
சிவப்பு மஞ்சளாயிற்று.
அறுபத்தெட்டு எண்பத்தொன்று ஆயிற்று.
பட்நாகர் சார் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து
"பரவாயில்லையே" என்றபடி டீக்குப் போனார்.

தப்பொன்றுமில்லை, விதிப்படிதான்.
வறண்ட வருடங்களும் வரிசையாக வந்து உட்கார்ந்தால்
ஒருநாள் வீட்டுக்காரர்கள்தான்.
பழைய நெடுவரிசையை நான் அழிக்கவில்லை.
மறைத்து வைத்திருக்கிறேன், ஏனென்று கேட்டால்
சொல்லத் தெரியாது.

மாலையில் சோபனின் போன்.
"எண்பத்தொண்ணா? முந்தாநாள் அறுபத்தெட்டுன்னீங்களே?
ராத்திரி முழுக்க இங்கே நட்சத்திரம்தான் மேடம்."
சிக்னல் சரியில்லை என்றேன்.
நன்றாகத்தான் இருந்தது.

முனிர்காவில் எங்கள் மொட்டை மாடியில்
ஆறு கறுப்புத் தொட்டிகள்.
குழாய் வருவது காலை ஐந்தே முக்காலுக்கு,
முதலில் காற்று, பிறகு துரு, பிறகு கொஞ்சம்.
இரவு பத்துக்குத் தரம்பால்
விரல்முட்டியால் தட்டிக்கொண்டே வருவான்.
டங். இன்னும் கீழே, டங்.
சத்தம் செத்துப்போகும் இடத்தில்
சாக்பீஸால் ஒரு கோடு, பக்கத்தில் தேதி.

ஹோலிக்கு முந்தையது என் தோளுயரத்தில் இருக்கிறது.
துணி எடுக்கப் போனவள் பார்த்துக்கொண்டு நின்றேன்.
இன்று கோடு போட
அவன் குந்தி உட்கார வேண்டியிருந்தது.