சல்லடையில் நின்றவை

மார்ச் மாதத்து மெயின்.
ஏரி இன்னும் பூட்டிக் கிடக்கிறது.
கல்லூரிப் பண்ணையில்
எருக்குவியல் மட்டும் ஆவி விட்டபடி
தன்மேல் விழும் பனியைத் தின்றுகொண்டிருக்கிறது.

திங்கள்கிழமை எங்கள் முறை.
இமோஜென் நீள வெப்பமானியைச் செருகினாள்.
நூற்று முப்பத்தாறு.
"என் அறையைவிடச் சூடு" என்ற லூசியன்
கையுறையைக் கழற்றிக் கையை நுழைத்தான்,
எடுக்க மனமில்லாமல் நின்றான்.

கொட்டகைக்குள் ஆறிய குவியலைச் சலித்தோம்.
முட்டை ஓடு, காபிச் சக்கை,
முந்தின ஆண்டு வரவேற்பு விருந்தில்
யாரும் தொடாத சோளம்
எல்லாம் போன இடம் தெரியவில்லை.
கறுப்பாய், பொலபொலவென்று விழுந்தது,
மழைக்கு முந்தைய மணத்தோடு.

சல்லடையில் நின்றவை:
உணவுக்கூடத்து முள்கரண்டி பதினேழு,
யாரோ பல்லுக்குப் போட்ட கம்பி,
ஒரு கண்ணாடிக் கோலி
(இது எப்படி?),
அப்புறம் அந்தக் கோப்பைகள்.

நொறுங்கவில்லை. சாயம்கூடப் போகவில்லை.
வயிற்றில் பச்சை எழுத்து:
நான் மண்ணாகிவிடுவேன்.
இரண்டு குளிர்காலமாக அதையே சொல்லிக்கொண்டிருக்கிறது.

கோப்பையைக் கொண்டுவந்தது இமோஜென்.
முதலாண்டில் அவள் எழுதிய தீர்மானம்,
பன்னிரண்டு பக்கம், வண்ண வரைபடம்.
மாணவர் மன்றத்தில் ஒருவர் எதிர்க்கவில்லை.
நானும் கை தூக்கினேன், பாதி தூக்கத்தில்.
அந்தப் பாடத்தில் அவள்தான் முதல்.

லூசியன் சிரிக்க வாயெடுத்து
அவள் முகம் பார்த்து
இருமலாக்கிக்கொண்டான்.

அவள் எண்ணினாள்.
நூற்றுப் பன்னிரண்டு.
கொட்டகைப் பலகையில்
வெப்பநிலைக்குப் பக்கத்தில் எழுதினாள்,
அடியில் தன் பெயரையும்.

பிறகு ஆணி கேட்டாள்.
ஒவ்வொரு கோப்பைக்கும் அடியில் துளை,
உள்ளே சலித்த எரு,
ஒன்றுக்கு மூன்றாய் வெங்காய விதை.
விரல் மரத்துப்போனபோதெல்லாம்
ஓடிப்போய்ச் சூடான குவியலுக்குள் கைவிட்டு வந்தோம்.

மே மாதம் நாற்றெடுத்ததும் கழுவி அடுக்கவேண்டுமாம்,
அடுத்த விதைப்புக்கு.
"எத்தனை வருஷத்துக்கு?"
"அது சொன்ன வாக்கைக் காப்பாற்றும்வரை."

முள்கரண்டிகளைக் கழுவுமிடத்தில் கொடுத்துவிட்டு
மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தேன்.
என் கரண்டியின் பற்களுக்கிடையில்
இயந்திரத்துக்கும் தப்பிய
ஒரு கறுப்புத் துணுக்கு.

நகத்தால் எடுத்தேன்.
முகர்ந்து பார்த்தேன்.
எங்கே போடுவது என்று தெரியாமல்
கொஞ்ச நேரம்
விரல் நுனியிலேயே வைத்திருந்தேன்.