இருநூற்றுப் பன்னிரண்டு

கணபதியில் எங்கள் கம்பெனி கேட்டருகே
ஒரு கரும்பலகை.
‘விபத்தில்லா நாட்கள்’ என்பது பெயின்ட்.
எண் மட்டும் சாக்பீஸ்.
காலை எட்டு மணிக்கு அதை எழுதுவது
டைம் ஆபீஸில் உட்காரும் என் வேலை.

இருநூற்றைம்பது வந்தால்
ஆளுக்கொரு பிரியாணி,
மூடி போட்ட எவர்சில்வர் தூக்குப்போசி
என்று சொல்லியிருந்தார் மொதலாளி.
தொண்ணூற்றாறு பேர்.
போசியில் யார் பேர் வெட்டுவது என்று
பாதிப் பேர் முடிவே செய்துவிட்டார்கள்.

நூற்றுத் தொண்ணூற்றோராம் நாள்
நாலாம் நம்பர் பிரஸ்ஸிலிருந்து
மருதாசலத்தின் இடக்கை ஆள்காட்டி விரல்
நுனியை விட்டுவிட்டு வந்தது.

பம்பு மோட்டாருக்கு ஸ்டாம்பிங் அடிக்கும் பிரஸ்.
இரண்டு பொத்தான்.
இரண்டையும் இரண்டு கையால் அழுத்தினால்தான் இறங்கும்.
கை வெளியேதானே இருக்கிறது என்று
ஒவ்வொரு தகட்டுக்கும் இரும்பு ஒருமுறை கேட்கும்.
நாங்கள் சைக்கிள் டியூபை வெட்டி
இடப்பக்கப் பொத்தானை இறுக்கிக் கட்டி
ஆமாம் ஆமாம் என்று
அதன் வாயில் திணித்து வைத்திருந்தோம்.
மணிக்கு இருநூறு தகடு எச்சா வரும்.

ஆயுத பூஜைக்குப் பிரஸ்ஸையெல்லாம் துடைத்து
பொரிகடலை படைத்து
சந்தனம் வைத்தோம்.
அந்த டியூபுக்கும் ஒரு பொட்டு வைத்தோம்.

மருதாசலம் இன்சுலேஷன் டேப்பைச் சுற்றிக்கொண்டு போய்
ஆஸ்பத்திரியில் வீட்டுக் கதவு என்றார்.
‘பிரியாணி போயிருமுங்க.
அத்தன பேர் வாயில நான் எதுக்குங்க விழுகோணும்.’
மறுநாள் காலை
நூற்றுத் தொண்ணூற்றிரண்டு என்று எழுதினேன்.
என் கையெழுத்து
கல்யாணப் பத்திரிகை மாதிரி இருக்கும் என்பார்கள்.

பிகாஷ் வந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது.
பாலசோர் பக்கம் ஊர்.
தமிழில் நாற்பது வார்த்தை இருக்கலாம் அவனிடம்.
அவனை நாலாம் நம்பரில் நிறுத்தினார்கள்.
குனிந்து பார்த்தான்.
மெயினை அணைத்தான்.
கையிரண்டையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான்.
‘கட்டிருக்கு. நான் ஓட்டல.’

சூப்பர்வைசர் திருமூர்த்தி கத்தினார்,
‘இத்தன வருசமா ஓடுதல்லடா?’
யாரோ சிரித்தார்கள்.
மற்ற பிரஸ்கள் ஒவ்வொன்றாய் நின்றன.
பேக்கிங்கில் இருந்து மருதாசலம் நடந்து வந்து
டேப்பைப் பிரித்து
விரலை பிரஸ்ஸின் படுக்கையில் வைத்தார்.
ஏதும் பேசவில்லை.
திருமூர்த்தி அதைப் பார்த்தார்,
பிறகு என்னைப் பார்த்தார்.
எனக்குத் தெரியும் என்பது
அவருக்கும் தெரிந்துபோனது.

கேட்டுக்குப் போனேன்.
காலையில் எழுதிய இருநூற்றுப் பன்னிரண்டை
முந்தானையால் துடைத்தேன்.
ஒரு பூஜ்யம் போட்டேன்.
கை நடுங்கியதில் அது
நசுங்கின வடை மாதிரி வந்தது.

மத்தியானம் மொதலாளி வந்தார்.
பலகை முன்னால் வெகுநேரம் நின்றார்.
‘எவன்?’ என்றுதான் ஆரம்பித்தார்.
நாங்கள் யாரும் வாய் திறக்கவில்லை.
இரண்டாம் டீ வந்து ஆறிய பிறகு
‘எதனால?’ என்றார்.
அதற்குப் பதில் சொல்ல
ஏழெட்டுப் பேர் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

எல்லாம் நல்லபடியாய் முடிந்தது என்று சொல்லமாட்டேன்.
டியூபை அறுத்ததும் தகடு குறைந்தது,
பீஸ் ரேட்டைக் கூட்டச் சொல்லி மூன்று வாரம் சண்டை.
கேன்டீன் சுலோச்சனா
ஒரு வாரம் எனக்குச் சர்க்கரை போடாமல் டீ தந்தாள்.
தூக்குப்போசி வரவே இல்லை.

ஆனால் பலகைக்குக் கீழே ஆணியில்
ஒரு நோட்டு தொங்குகிறது.
அடிபட்டதை எழுத அல்ல, தப்பியதை எழுத.
‘ரெண்டாம் நம்பர் கிட்ட ஆயில். வழுக்குச்சு. விழுகல.’
‘கிரேன் சங்கிலி ஒரு கண்ணி விரிஞ்சிருக்கு.’
‘நைட் ஷிப்ட்ல தூங்கிட்டேன், ரெண்டு நிமிசம்.’
கடைசியதன் கீழே பேர் இல்லை.
திருமூர்த்தியின் எழுத்து எனக்குத் தெரியும்.

இன்றைக்கு எண் பதினேழு.
நான் பஸ்ஸைத் தவறவிட்டதால்
பிகாஷ் எழுதியிருக்கிறான்.
ஏழு கொஞ்சம் அவன் ஊர்ப் பக்கம் வளைந்திருக்கிறது.
திருத்தவில்லை.