போதிய ஆதாரம்

நீங்கள் திரும்பி வருவீர்கள் என்பதற்குப்
போதிய ஆதாரம் இல்லை
என்று எழுதியிருந்தது அந்தத் தாளில்.
சுவிட்சர்லாந்தில் நாங்கள் கேட்டது
ஒன்பதே நாள்.

சுருளிராணி அதை மடித்து
மளிகைச் சீட்டோடு வைத்தாள்.
"வாங்கின பூட்ஸை என்ன செய்ய?"
ஆளுக்கு நாலாயிரத்து இருநூறு,
மதுரையில், தள்ளுபடி போக.

போடியில் ஏலக்காய் தரம் பிரிக்கிற கடையில்
இருபத்தாறு வருஷமாகக் கணக்கெழுதுகிறேன்.
எட்டு மில்லி, ஏழு மில்லி, உடைசல்.
எட்டு மில்லியை எந்த நாட்டிலும்
ஏன் வந்தாய் என்று கேட்பதில்லை.
பச்சை குறையாமல் ரியாத்தில் போய் இறங்கும்.

அது இறங்கி வருகிற மலையில்
ஒருநாளும் நடந்து ஏறியதில்லை நான்.
பஸ்ஸில் போயிருக்கிறேன்,
ஒவ்வொரு கொண்டை ஊசிக்கும்
கண்ணை மூடிக்கொண்டு.

ஆகவே முந்தல். காலை ஐந்தரை.
செக்போஸ்டுக்குப் பின்னால்
ஒருகாலத்தில் கழுதைகள் மூட்டை சுமந்த பாதை.
முதல் மைலில் சுருளி பேசவில்லை.
இரண்டாவதில் என்னால் பேச முடியவில்லை.

தோட்டத்து வேலைக்குப் போகிற பெண்கள் நாலு பேர்
ரப்பர் செருப்பில் எங்களைக் கடந்தார்கள்.
ஒருத்தி மட்டும் நின்று
என் பூட்ஸைப் பார்த்தாள். பிறகு முகத்தை.
"ஜீப்பு வரலையாண்ணே?"
"நடக்கத்தான் வந்தோம்."
"எந்தச் சாமிக்கு?"
எனக்கு மூச்சு வாங்கியது.
சுருளிதான் சொன்னாள்: "சுவிஸ்காரனுக்கு."
"அப்ப வெறுங்கால்லல்ல போகணும்"
என்று சொல்லிவிட்டு
வளைவில் மறைந்தாள் அவள்.
அவர்கள் சிரிப்பு மட்டும் கொஞ்சநேரம்
மேலிருந்து உருண்டு வந்தது.

பாறையில் உட்கார்ந்து சாக்ஸைக் கழற்றினால்
உள்ளே ஓர் அட்டை.
நுழையும்போது ஏழு மில்லி இருந்திருக்கும்.
இப்போது தரம் உயர்ந்திருந்தது.

பிறகு மூடுபனி.
பிறகு ஒன்றுமே தெரியாத ஒரு மணிநேரம்;
அதைப் பற்றி எழுத என்னிடம் ஏதுமில்லை,
சுருளியின் முதுகுப்பை சிவப்பு என்பதைத் தவிர.

மெட்டுக்கு வந்தபோது
பாக்கெட்டில் போன் அதிர்ந்தது:
வேறு மாநிலமாம், நல்வரவாம்.
ஒரே டீக்கடைத் தூணில்
ஒரு பக்கம் நம் எழுத்து, மறு பக்கம் அவர்கள் எழுத்து.
இரண்டு பக்கமும் டீ பன்னிரண்டு ரூபாய்.

விடுதிக்காரர் குரியச்சன்
அடையாளச் சீட்டு கேட்டார்.
ஆதார் வீட்டில்.
பையின் அடியில், நேர்காணலுக்குப் போனதிலிருந்து
எடுக்கவே படாமல், பாஸ்போர்ட்.
முப்பத்தாறு பக்கமும் புரட்டினார்.
"எல்லாம் வெள்ளையாணல்லோ சாரே."
நீளமான நோட்டில் நம்பரை எழுதி
"எவ்விடெ நிந்நா?" என்றார்.
ஜன்னல் வழியே கீழே கை காட்டினோம்.
பேனாவை மூடாமல்
கொஞ்சநேரம் எங்களையே பார்த்தார்.

ராத்திரி கப்பை, மீன்குழம்பு, குடம்புளி.
பனி விலகியிருந்தது.
வராந்தாவின் கீழே, மிகக் கீழே, போடி:
சல்லடையில் நிற்காமல் உதிர்ந்த உடைசல் போல
வெளிச்சங்கள்.

"மோட்டாரை அணைச்சீங்களா?" என்றாள் சுருளி.
அணைத்த ஞாபகம் இருந்தது.
அணைக்காத ஞாபகமும் இருந்தது.
சாவி பக்கத்து வீட்டு ஜெயக்கொடியிடம்.
"மாடி லைட்டும் எரியுதுக்கா, பகல்லருந்தே."
"இரு, இரு, உடனே அணைக்காத.
நாங்க இங்கருந்து பாக்குறோம்.
ம், இப்ப."

அத்தனையில் ஒன்று போயிற்று.

"அந்தா, சர்ச்சுக்கு இடப்பக்கம்" என்றாள்.
நான் பார்த்தது
பஸ் ஸ்டாண்டுக்கு இந்தப் பக்கம்.
"மறுபடி போடச் சொல்லு."
போட்டாள். அணைத்தாள். போட்டாள்.
ஒரே போர்வைக்குள் நின்றுகொண்டு
ஆளுக்கொரு வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.
மோட்டார் என்ன ஆயிற்று என்று
யாரும் கேட்கவில்லை.