இருப்பெடுப்பு

மார்ச் முப்பத்தொன்று, இரவு எட்டரை.
பழைய சோனகத் தெருவில் எல்லாக் கடையும் பூட்டியாயிற்று.
நாங்கள் மட்டும் உள்ளே
இருப்பெடுக்கிறோம்.

ஏணியில் சுமேத. கீழே நான், பேரேட்டோடு.
"மூன்றங்குலப் பிணைச்சல்?"
"தியெனவா."
இருக்கு என்று எழுதுகிறேன்.
"முக்கால் அங்குல வாஷர்?"
"தியெனவா."
வாஷரை எண்ணும்போது
ஓட்டையையும் சேர்த்துத்தான் எண்ணுகிறோமா?
ஓட்டை இல்லாவிட்டால் அது வாஷரே இல்லை.
கேட்டால் சுமேத ஏணியை விட்டு இறங்கிவிடுவான்.
கேட்கவில்லை.

உள்ளது எது என்று கேட்கும் படிப்புக்கு
ஞாயிறுகளில் வெள்ளவத்தைக்குப் போகிறேன்.
வெளிவாரிப் பட்டம், மூன்றாம் தடவை.
எல்லாக் கேள்விக்கும் அடியில் கிடக்கிற கேள்வி அது என்கிறார் விரிவுரையாளர்.
அறிவு, அறம், அழகு எல்லாம்
அதன்மேல் அடுக்கிய பெட்டிகளாம்.
இங்கே அடியில் கிடப்பது சீமெந்து மூட்டை.
ஆனால் பொருள் என்றால் எங்கள் மொழியில்
சாமானும் அதுதான், காசும் அதுதான், அர்த்தமும் அதுதான்.
இன்மை என்றால் வறுமை.
யாரோ கடைக்காரன்தான்
இந்தச் சொற்களைச் செய்திருக்க வேண்டும்.

புத்தகத்தில் பன்னிரண்டு பூட்டு,
இறாக்கையில் பதினொன்று.
இல்லாத பூட்டு எது என்று
யாரால் தொட்டுக் காட்ட முடியும்?

கடைசிப் பக்கம், வராக்கடன்.
தர்மகுலராசா, கொட்டாஞ்சேனை.
வெள்ளைப் பெயின்ட் பத்து வாளி, தூரிகை ஒன்று.
கொண்டுபோனது ஒரு வெள்ளி. திங்கள் தருவதாகச் சொன்னவர்.
பிறகு மனைவி வந்தார். கடன் கட்ட அல்ல,
இங்கே வந்தாரா என்று கேட்க.
பதினேழு மார்ச் ஆகிறது.
புத்தகம் முடியும்போதெல்லாம் பெயரைத் தூக்கிப்
புதுத் தாளில் வைக்கிறேன்.
"வெட்டிப்போட வேணாம் மகன், கெடக்கட்டும்" என்பார் ஹாஜியார்.

"கவுத?" என்றான் சுமேத.
சொன்னேன்.
அவன் மொழியில் ஆணிக்கும் பூட்டுக்கும் தியெனவா,
மூச்சுள்ளவருக்கு இன்னவா.
பிணத்துக்கு?
ஒருமுறை கேட்டிருக்கிறேன், ஆணிக்குள்ள சொல்தான்.
வாயைத் திறந்தான். மூடினான்.
மூன்றாவது படியில் ஒரு கால், மற்றது அந்தரத்தில்.

எனக்கு வேர் ஒன்றுதான், வால்தான் பிரியும்.
இருக்கிறது. இருக்கிறார்.
இரு என்று மட்டும் எழுதிப்
பேனையைத் தூக்கினேன்.

"இரு, இரு," என்றான் அவன் மேலேயிருந்து, தமிழில்,
இறாக்கைக்குப் பின்னால் கையை நுழைத்து.

பூட்டு.
துருவேறியிருந்தது. சாவியைக் காணோம்.