சட்டம்

அரை மீட்டருக்கு அரை மீட்டர்,
நாலு மூலையும் பற்றவைத்த கம்பிச் சட்டம்.
அமாவாசைக்கு அமாவாசை கடல் அடிவரை வற்றும்போது
அதைத் தோளில் மாட்டிக்கொண்டு
பாறைக்கு இறங்குகிறாள் காத்ரீனா ஃபோர்டெய்ன்.
சால்டானா விரிகுடாவுக்கு வடக்கே,
வெயில் சுட்டாலும்
தண்ணீர் எலும்பைக் கடிக்கும் கரை.

சட்டத்துக்குள் வருவதைத்தான் எண்ண வேண்டும்.
ஒரு விரற்கடை வெளியே இருந்தாலும்
அது இல்லாதது.

மட்டி: எழுநூற்றுப் பன்னிரண்டு
(குஞ்சுகளைச் சேர்க்கவில்லை, அவை மணல் மாதிரி).
தொப்பிச்சிப்பி: மூன்று.
போன ஆண்டு இதே பாறையில் பத்தொன்பது.

மத்தியதரைக் கடலிலிருந்து
ஏதோ ஒரு கப்பலின் வயிற்றில் ஒட்டிக்கொண்டு வந்ததாம்.
நூல் விட்டது. பாறையைப் பிடித்தது.
பிறகு ஒன்றின் முதுகில் ஒன்று,
அதன் முதுகில் இன்னொன்று,
கறுப்பு மேல் கறுப்பு,
கத்தி முனை நுழைய இடமில்லாமல்.

நாற்பத்தொன்றாம் எண் தொப்பிச்சிப்பிக்கு
மகளின் நகப்பூச்சால் புள்ளி வைத்திருந்தாள்.
எங்கே மேய்ந்தாலும்
தன் ஓட்டின் விளிம்பு கல்லில் குடைந்த
அதே தழும்புக்குத் திரும்பிவரும் பிராணி.
இன்றைக்குத் தழும்பில் மட்டி.
நாற்பத்தொன்று அதன் மேலேயே உட்கார்ந்திருக்கிறது,
ரோஸ் புள்ளியோடு,
பொருந்தாமல்.

படிவத்தில் 'வந்தேறி' என்று எழுதும்போது
பென்சில் கொஞ்சம் நிற்கும்.
வேறு சொல்லுக்குக் கட்டம் இல்லை.
இதே கரையில் அவள் அப்பாவின் நிறத்தை
ஒரு கட்டத்துக்குள் எழுதி
ஊரை விட்டு அனுப்பியவர்களின் பாட்டன்மாரும்
கப்பலில் வந்தவர்கள்தான்.
அதற்கும் சட்டம் என்றுதான் பெயர்.

சாயங்காலம் புருஷன் அப்ராம் வருகிறான்,
கையெல்லாம் கீறல்.
விரிகுடாவில் மிதவைகளிலிருந்து கயிறு கயிறாய்த் தொங்கவிட்டு
அதே மட்டியை வளர்க்கிறது கம்பெனி.
கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி.
"கரண்ட் பில் கட்டியது என் மட்டியா, உன் மட்டியா?"
கேட்டுவிட்டு அவனே சிரித்தான்.
அவள் உப்பு டப்பாவை அவன் பக்கம் தள்ளினாள்.

சிவந்த அலகோடு கறுப்புச் சிப்பிப்பிடிப்பான்கள்
முன்பு நாலு, இப்போது முப்பத்தொன்று.
மட்டி தின்று கொழுத்தவை.
அவற்றை எண்ணச் சொல்லி யாரும் காசு தரவில்லை;
சும்மா எண்ணுகிறாள்.

போன குளிர்காலத்தில் அலை பறித்துக்கொண்ட பழைய சட்டம்
நேற்று ஒரு பாறை இடுக்கில் கிடைத்தது.
நாலு பக்கமும் மட்டி.
கம்பியே தெரியவில்லை.
கழற்ற மனமில்லாமல்
அப்படியே வீட்டுக்குச் சுமந்துவந்தாள்.

அப்ராம் ஒரு கையால் தூக்கிப் பார்த்தான்.
மூன்று கிலோ தேறும் என்றான்.